ஆடும் ஐடிலை இக்னிஷன் டைமிங்கால் நிலைக்க வைப்பது: முழுமையான வழிகாட்டி

ரோட்டில் வண்டி பறக்கும். சிக்னலில் நின்றதும் ஆர்பிஎம் முள் 700க்கும் 1100க்கும் இடையே ஏறி இறங்க ஆரம்பிக்கும். ஹெட்லைட் போட்டால் ஒரு குலுக்கல், ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் இன்னொரு குலுக்கல், ஏசி போட்டால் இன்ஜினே ஆஃப். ஸ்பீடுயினோ, மெகாஸ்குவிர்ட், ரஸ்இஎஃப்ஐ போன்ற, நாமே டியூன் செய்துகொள்ளும் இசியுவை, அதாவது இன்ஜினை நடத்தும் கணினியைப் பொருத்தியவர்களில் பெரும்பாலானோர் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். முழு த்ராட்டிலில் டியூன் செய்வது எளிது, ஐடில்தான் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலை) மானத்தை வாங்கும்.

இப்படி ஆடும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது ஐடிலுக்கு வேண்டிய காற்றை விடும் ஐஏசி வால்வின் பிஐடி எண்களில். பி என்பது விலகலின் அளவுக்கேற்ற திருத்தம், ஐ நீடிக்கும் விலகலைச் சேர்த்துப் பார்த்துச் செய்யும் திருத்தம், டி விலகல் மாறும் வேகத்துக்கேற்ற திருத்தம். பி-யைக் கூட்டுவது, ஐ-யைக் குறைப்பது, மறுபடி கூட்டுவது என்று வாரக்கணக்கில் போகும். காற்றை மட்டும் வைத்து ஐடிலைப் பிடிக்கப் பார்ப்பது பாதிக் கருவியை வைத்துக்கொண்டு முழு வேலையையும் முடிக்கப் பார்ப்பதுதான். மீதிப் பாதி இக்னிஷன் டைமிங்கில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது ஸ்பார்க் அடிக்கிறது என்பதில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நான்கு சிலிண்டர், 1.3 முதல் 1.6 லிட்டர் வரையிலான எம்பிஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) பெட்ரோல் இன்ஜின். கேபிள் த்ராட்டில், மேப் சென்சார் (காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது), இசியு கட்டுப்படுத்தும் காயில், லேப்டாப்பில் இசியுவை டியூன் செய்யும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருள். டார்கெட் ஐடில் 850 ஆர்பிஎம். உங்கள் இன்ஜின் வேறாக இருந்தால் எண்கள் மாறும், வழி மாறாது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள புது பிஎஸ்-6 கார்களுக்கு இந்த வேலை தேவையில்லை. அவற்றின் இசியு இதையெல்லாம் தானே செய்கிறது. அங்கே ஐடில் ஆடினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

ஏன் ஸ்பார்க்?

850 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 70 மில்லி செகண்ட் ஆகும். நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு. அதாவது 35 மில்லி செகண்டுக்கு ஒரு ஸ்பார்க்.

இப்போது ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது. ஆல்டர்னேட்டரின் பளு ஏறுகிறது, ஆர்பிஎம் சரிகிறது, இசியு ஐஏசி வால்வைத் திறக்கிறது. வால்வு நகர நேரம் வேண்டும். நகர்ந்த பிறகும் காற்று நேரே சிலிண்டருக்குப் போய்விடாது. மேனிஃபோல்டு நிரம்பி அழுத்தம் ஏற வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு சிலிண்டர் அந்தக் காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரித்துப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அதற்கே இன்னொரு முழுச் சுற்று ஆகும். பலன் வந்து சேர்வதற்குள் ஆர்பிஎம் நன்றாக விழுந்திருக்கும், இசியுவும் பதறிப்போய் வால்வை இன்னும் திறந்திருக்கும். முதலில் திறந்ததும் பிறகு திறந்ததும் ஒன்றாக வந்து சேர, முள் எகிறும். எகிறியதைப் பார்த்து இசியு மூடும், அதுவும் தாமதமாகத்தான் பலிக்கும். ஆட்டம் பிறப்பது இப்படித்தான்.

ஸ்பார்க்குக்கு இந்தத் தாமதம் கிடையாது. அடுத்து எரிய வேண்டிய சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் ஏற்கெனவே இருக்கின்றன. எப்போது கொளுத்துவது என்பதை மட்டும் மாற்றினால், அடுத்த எரிப்பிலேயே டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) மாறிவிடும்.

கோயில் தேரில் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், தேர் நேராகப் போவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவரின் கையில் இருக்கிறது. காற்று வடம், ஸ்பார்க் கட்டை. கட்டையை மட்டும் வைத்துத் தேரை இழுக்க முடியாது என்பதும் இதில் அடக்கம்.

கையிருப்பு: இந்த விஷயத்தின் உயிர்நாடி

டைமிங்கைக் கூட்டினால் டார்க் ஏறும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. ஒரு புள்ளி வரை ஏறும், அங்கே மட்டமாகும், அதைத் தாண்டினால் இறங்கும். அந்த உச்சியில் ஐடிலை வைத்துவிட்டால், ஆர்பிஎம் விழும்போது மேலே கூட்டுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. கூட்டினாலும் பலன் சுழியம்தான்.

ஐடிலில் இந்த உச்சி எதிர்பார்ப்பதைவிடத் தள்ளி இருக்கும். த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே வரும் புதுக் கலவை கொஞ்சம், போன சுழற்சியில் எரிந்து மிச்சமிருக்கும் வாயு அதிகம். அதனால் தீ மெதுவாகப் பரவும், முன்கூட்டியே கொளுத்த வேண்டியிருக்கும். பல பெட்ரோல் இன்ஜின்களில் ஐடிலுக்கான உச்ச டார்க் டிடிசிக்கு (பிஸ்டனின் உச்சி நிலை) முன் 25 டிகிரியையும் தாண்டி இருக்கும். ஆனால் கம்பெனிகள் ஐடிலை வைப்பதோ 10 டிகிரியை ஒட்டித்தான். மேலே ஏறிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று கீழே வைக்கிறார்கள்.

முதல் தலைமுறை 1.6 லிட்டர் மஸ்தா மியாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடில் 850, பேஸ் டைமிங் (திருத்தம் சேராத அடிப்படை டைமிங்) 10 டிகிரி. அதைச் சரிபார்க்கும் முன் டயக்னாஸிஸ் பெட்டியில் டென், கிரவுண்டு என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும். இணைத்தால்தான் இசியு திருத்தத்தை நிறுத்தி டைமிங்கைப் பூட்டும். இணைக்காமல் டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்தால் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டே இருக்கும். புல்லி ரப்பர் போய்விட்டது, பெல்ட் தளர்ந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இசியு ஐடிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கையிருப்பு சும்மா கிடைப்பதில்லை. டைமிங் குறைவாக இருந்தால் அதே ஆர்பிஎம்முக்கு அதிகக் காற்றும் பெட்ரோலும் வேண்டும், சைலன்சர் பக்கம் சூடு கூடும், மேனிஃபோல்டு வேக்யூமும் கொஞ்சம் குறையும். ஆகவே தேவையான அளவுக்கு மட்டும் கையிருப்பு வைத்தால் போதும். 5 டிகிரிக்குக் கீழே பேஸை வைத்துவிட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிக்கிறதே என்று கேட்பதில் நியாயமில்லை.

படி 1: இன்ஜின் நலமா?

வேக்யூம் லீக், பழைய பிளக், வால்வு கிளியரன்ஸ், கரி பிடித்த ஐஏசி வால்வு, முழுதாக மூடாத த்ராட்டில் தகடு. இவை இருக்கும்போது டியூன் செய்தால் லீக்குக்குத்தான் டியூன் செய்கிறோம். டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) மூடிய நிலையில் 0 காட்டுகிறதா, ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை விட்டதும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். பின்னால் வரும் எல்லாமே அந்த 0-வை நம்பித்தான் இயங்கும்.

காற்றோட்டமில்லாத ஷெட்டில் மணிக்கணக்காக ஐடிலில் ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படி 2: திரையில் தெரியும் டைமிங் உண்மைதானா?

டியூனர்ஸ்டுடியோவில் டைமிங்கை 10 டிகிரிக்குப் பூட்டுங்கள். டைமிங் லைட்டை எடுத்துப் புல்லியில் பாருங்கள். 10 இல்லையென்றால் டிரிகர் ஆங்கிளை (கிராங்க் சென்சார் சிக்னலுக்கும் டிடிசிக்கும் இடையிலான கோண செட்டிங்) மாற்றிச் சரிசெய்யுங்கள். பிறகு ரேஸ் கொடுத்து 3000 வரை கொண்டுபோங்கள். பூட்டிய டைமிங் அப்படியே நிற்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏறக் குறி நகர்ந்துகொண்டே போனால், சென்சார் சிக்னலில் தாமதம் இருக்கிறது, அல்லது டிரிகர் சிக்னலின் எந்த விளிம்பைப் படிக்க வேண்டும் என்ற செட்டிங் தவறாக இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. வேஸ்டட் ஸ்பார்க் அமைப்பில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அடிக்காமல் சுற்றுக்கு ஒரு முறை அடிக்கும். டிகிரியைத் திருகி அளக்கும் வகை டைமிங் லைட் இதனால் குழம்பி இரட்டிப்பாகக் காட்டலாம். லைட்டில் உள்ள டிகிரியை 0-வில் வைத்துவிட்டு, புல்லியின் டிகிரி அளவுகோலை மட்டும் நம்புங்கள். பழைய வண்டியாக இருந்தால் புல்லியின் வெளிவளையம் ரப்பரில் நழுவியிருக்கக்கூடும். பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் டயல் கேஜ் வைத்து முதல் சிலிண்டரின் டிடிசியைக் கண்டுபிடித்துக் குறியோடு ஒப்பிட்டுவிட்டால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

காயிலின் டுவெல் நேரம் (ஸ்பார்க்குக்கு முன் காயில் சார்ஜ் ஆகும் நேரம்) பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ப மாறுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஃபேன் ஓடும்போது வோல்டேஜ் விழுந்து, ஸ்பார்க் பலவீனமாகி, மிஸ்ஸிங் வந்தால் அதை டைமிங்கால் சரிசெய்ய முடியாது.

படி 3: எல்லாத் தானியங்கி வேலைகளையும் நிறுத்துங்கள்

ஐஏசி குளோஸ்டு லூப் (ஆர்பிஎம்மைப் பார்த்துத் தானே திருத்துவது) ஆஃப், வால்வு ஒரே டியூட்டியில் (திறப்பு அளவில்). ஆக்சிஜன் சென்சார் திருத்தம் ஆஃப். ஐடில் அட்வான்ஸ் (ஆர்பிஎம் விலகலைப் பார்த்து டைமிங்கைத் திருத்தும் வசதி) ஆஃப். டைமிங் 12 டிகிரியில் பூட்டு. கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டி நன்றாகச் சூடான இன்ஜின். இந்த நிலையில் பெட்ரோலை மட்டும் சரிசெய்யுங்கள்.

ஸ்டாக் கேம் உள்ள இன்ஜின்கள் பெரும்பாலும் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 14-ஐ ஒட்டி அமைதியாக நிற்கும். ஓவர்லாப் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம் என்றால் 13 முதல் 13.5 வரை கேட்கும். முக்கியமானது பெட்ரோல் டேபிளில் ஐடிலைச் சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாவற்றிலும் கலவை ஒரே மாதிரி இருப்பது. ஆர்பிஎம் 100 விழும்போது மேப் அழுத்தம் சில கிலோபாஸ்கல் ஏறும், இசியு பக்கத்துக் கட்டத்துக்குத் தாவும். அந்தக் கட்டத்தில் கலவை மெலிந்திருந்தால் டார்க் குறைந்து இன்னும் விழும். எத்தனையோ பேர் இதை டைமிங் பிரச்சினை என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். இன்ஜெக்டர் டெட் டைமும் (சிக்னல் வந்து இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) வோல்டேஜுக்கு ஏற்ப மாறும். ஃபேன் போட்டதும் ஏஎஃப்ஆர் மெலிந்தால் அந்த வளைவைத் திருத்துங்கள்.

இந்தப் படியின் முடிவில், எந்தத் திருத்தமும் இல்லாமலே இன்ஜின் ஓரளவு நிலையாக ஓட வேண்டும். துளி ஆடினால் பரவாயில்லை. விட்டால் நின்றுவிடுகிறது என்றால் மேலே போகாதீர்கள்.

படி 4: உங்கள் இன்ஜினின் வளைவை நீங்களே அளப்பது

இணையத்தில் கிடைக்கும் டேபிளை அப்படியே ஒட்டுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள பத்து நிமிடங்கள் இவைதான்.

காற்று மாறாமல் இருக்கட்டும். பூட்டிய டைமிங்கை 4 டிகிரியிலிருந்து தொடங்கி நான்கு நான்காகக் கூட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இன்ஜின் நிலைக்க அரை நிமிடம் விட்டு ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குவதற்காக இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

4 டிகிரி: 690
8 டிகிரி: 770
12 டிகிரி: 840
16 டிகிரி: 900
20 டிகிரி: 945
24 டிகிரி: 970
28 டிகிரி: 980
32 டிகிரி: 978

இதில் இரண்டு விஷயம் படிக்கலாம். முதலாவது, 24-க்கு மேல் வளைவு படுத்துவிட்டது. அதற்கு மேல் டைமிங்கைக் கூட்டிப் பயனில்லை. இரண்டாவது, 12-ஐச் சுற்றி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 17 ஆர்பிஎம் கிடைக்கிறது. இந்த 17 என்ற எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள், படி 6-இல் வேண்டும்.

இந்த இன்ஜினுக்கு நான் பேஸாக 12-ஐ எடுப்பேன். மேலே 8 டிகிரி கூட்டினால் 20, அங்கேயும் வளைவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கீழே 8 குறைத்தால் 4, அங்கேயும் மிஸ்ஸிங் இல்லாமல் எரிகிறது. இரண்டு பக்கமும் கையிருப்பு. 18-இல் வைத்தால் ஐடில் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் ஏசி போடும் நேரத்தில் கை நீட்ட இடம் இருக்காது.

டைமிங்கை மாற்றும்போது காதையும் திறந்து வையுங்கள். 4 டிகிரியில் சைலன்சர் சத்தம் அடித்தொண்டைக்குப் போகும். 28-இல் சத்தம் கூர்மையாகும், ஆனால் இன்ஜின் குலுங்க ஆரம்பிக்கலாம்.

படி 5: ஸ்பார்க் டேபிளில் ஐடில் பகுதியை மட்டமாக்குங்கள்

ஐடில் ஆடும் வண்டிகளின் ஸ்பார்க் டேபிளை, அதாவது எந்த ஆர்பிஎம்முக்கும் மேப்புக்கும் எந்த டைமிங் என்று எழுதிய அட்டவணையைத் திறந்து பார்த்தால் பல நேரம் காரணம் கண்ணெதிரே இருக்கும். 600-இல் 8 டிகிரி, 800-இல் 12, 1000-இல் 16, 1200-இல் 20 என்று அழகாகச் சரிவு போட்டிருப்பார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது? ஆர்பிஎம் விழுந்தால் டைமிங் குறைகிறது, டார்க் குறைகிறது, ஆர்பிஎம் இன்னும் விழுகிறது. ஏறினால் டைமிங் கூடி இன்னும் ஏறுகிறது. இது ஆட்டத்துக்கு நெய் வார்ப்பது.

லோடு பக்கமும் இதே கதை. ஆர்பிஎம் விழும்போது மேப் ஏறும். மேப் ஏற ஏற டைமிங் குறைவது சாதாரண டேபிளில் வழக்கம். ஐடிலில் அதுவும் எதிராகவே வேலை செய்யும்.

ஆகவே 500 முதல் 1200 ஆர்பிஎம் வரை, மேப் 25 முதல் 55 கிலோபாஸ்கல் வரை உள்ள எல்லாக் கட்டத்திலும் 12 என்று எழுதுங்கள். 1200-க்கு மேல் படிப்படியாக வழக்கமான எண்களுக்கு ஏறலாம். ஐடில் அட்வான்ஸ் வசதியே இல்லாத இசியு என்றால் இதையே தலைகீழாகச் செய்யலாம்: 600-இல் 18, 700-இல் 15, 850-இல் 12, 1000-இல் 9. விழுந்தால் கூடும், ஏறினால் குறையும். எளிய தந்திரம்தான், ஆனால் பாதி வண்டிகளுக்கு இதுவே போதும். குறை என்னவென்றால், குளிர்ந்த இன்ஜினில் டார்கெட் 1200 ஆகும்போது இந்தக் கட்டங்கள் அதைத் தொடர்ந்து வராது. டார்கெட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துத் திருத்தும் வசதி அதனால்தான் மேல்.

படி 6: ஐடில் அட்வான்ஸை இயக்குவது

ஸ்பீடுயினோவில் இது ஐடில் அட்வான்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. மெயின் டேபிளோடு கூட்டும் முறை, மெயின் டேபிளை ஒதுக்கிவிட்டு இந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும் முறை என்று இரண்டு உண்டு. படி 5-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் கூட்டும் முறையே நல்லது. மெகாஸ்குவிர்ட்டில் ஆர்பிஎம் விலகலுக்கு ஏற்ற டைமிங் திருத்த வளைவு இருக்கிறது. ரஸ்இஎஃப்ஐயில் ஐடில் டைமிங்குக்குத் தனியாகவே குளோஸ்டு லூப் இருக்கிறது. மூன்றும் செய்வது ஒரே வேலை.

வளைவை எப்படித் தொடங்குவது? 100 ஆர்பிஎம்முக்கு 4 டிகிரி, அதாவது 25 ஆர்பிஎம்முக்கு ஒரு டிகிரி:

டார்கெட்டைவிட 200 குறைவு: +8
100 குறைவு: +4
50 குறைவு: +2
சரியாக டார்கெட்: 0
50 அதிகம்: -2
100 அதிகம்: -4
200 அதிகம்: -8

இப்போது படி 4-இல் எழுதி வைத்த 17-ஐ எடுங்கள். 100 ஆர்பிஎம்முக்கு 4 டிகிரி, ஒரு டிகிரிக்கு 17 ஆர்பிஎம். பெருக்கினால் 68. அதாவது ஒவ்வொரு 100 ஆர்பிஎம் விலகலுக்கும் 68 ஆர்பிஎம் அளவு எதிர்ப்பு கிடைக்கிறது. கணக்குப் போட்டால், திருத்தம் இல்லாமல் 100 விழச் செய்யும் ஒரு பளு, இப்போது 60 மட்டுமே விழச் செய்யும் (100-ஐ 1.68-ஆல் வகுங்கள்). இரட்டிப்பாக்கி 100-க்கு 8 டிகிரி கொடுத்தால் சரிவு 42 ஆகும். 60-இலிருந்து 42-க்கு வர இரண்டு மடங்கு திருத்தம் செலவாகிறது. கூடவே நடுக்கமும் வரும், ஏனென்றால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே மாதிரி எரிவதில்லை. அந்தச் சின்ன வித்தியாசங்களையெல்லாம் இசியு துரத்த ஆரம்பிக்கும். ஆகவே கூட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக. டார்கெட்டின் இரு பக்கமும் 20 ஆர்பிஎம் வரை திருத்தமே இல்லாமல் விட்டால் நடுக்கம் அடங்கும்.

வரம்புகளையும் போட்டுவிடுங்கள். மொத்த டைமிங் இந்த எடுத்துக்காட்டில் 22-ஐத் தாண்டக் கூடாது, 4-க்குக் கீழே போகக் கூடாது.

இது எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகள்தான் அடுத்தது. டிபிஎஸ் 1 சதவீதத்துக்குக் கீழே, ஆர்பிஎம் 1200-க்குக் கீழே, இரண்டும் சேர்ந்து ஒரு செகண்டாவது நீடித்த பிறகு. இந்த ஒரு செகண்டை வீண் என்று நினைத்து 0 போடுகிறவர்கள் உண்டு. அதன் விளைவை படி 9-இல் பார்க்கலாம்.

படி 7: காற்றைத் திரும்பக் கூட்டிவாருங்கள், மெதுவாக

இப்போது ஐஏசி குளோஸ்டு லூப்பை இயக்கலாம். ஒரு வேலைப் பிரிவினையை மனத்தில் வையுங்கள்: நீடிக்கும் பளுவைக் காற்று சுமக்க வேண்டும், இடையில் வரும் குலுக்கலை ஸ்பார்க் தாங்க வேண்டும். ஆகவே ஸ்பார்க்குக்கு பி மட்டும் போதும், வேண்டுமானால் கொஞ்சம் டி. ஸ்பார்க்குக்கு ஐ கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அதுவும் காற்றும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். டைமிங் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ள, காற்று மறு ஓரத்தில் நிற்கும். ஆர்பிஎம் 850-தான் காட்டும், ஆனால் கையிருப்பு முழுக்கக் காலி.

காற்றுக்கு மாறாக ஐ-தான் முக்கியம், அதுவும் மிகச் சிறியதாக. பி-யைப் பெயருக்கு வைத்தால் போதும். முன்பு ஐஏசி மட்டும் இருந்தபோது வைத்த பி, ஐ எண்களைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். நன்றாக அமைந்துவிட்டால் லாகில் (இசியு எழுதும் பதிவில்) இப்படித் தெரியும்: ஃபேன் ஓடுகிறது, டைமிங் உடனே 12-இலிருந்து 15-க்கு ஏறுகிறது, ஐஏசி நிதானமாகத் திறக்கிறது, இரண்டு மூன்று செகண்டில் டைமிங் மறுபடி 12-க்கு வந்து உட்கார்கிறது.

படி 8: பளு கொடுத்துப் பார்ப்பது

ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர், பவர் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்புவது, ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு டி கியரில் போடுவது. ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள், அப்புறம் எல்லாம் சேர்த்து.

ஏசி தனி ரகம். கம்ப்ரசர் கிளட்ச் டக் என்று ஒட்டும்போது வரும் அடியை எந்தத் திருத்தமும் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. முன்கூட்டியே தயாராக வேண்டும். ஏசி சுவிட்சின் சிக்னலை நேரே கிளட்சுக்கு விடாமல் இசியு வழியாக விடுங்கள். சுவிட்ச் போட்டதும் இசியு முதலில் ஐஏசியைக் கூடுதலாகத் திறக்கட்டும், கிளட்சை அரை செகண்ட் கழித்து ஒட்டட்டும். அந்த அரை செகண்டில் ஆர்பிஎம் எகிறப் பார்க்கும், ஐடில் அட்வான்ஸ் டைமிங்கைக் குறைத்து அடக்கி வைக்கும். கிளட்ச் ஒட்டிய நொடியில் டைமிங் மேலே வரும். காற்று ஏற்கெனவே உள்ளே காத்திருக்கிறது. முள் அசைந்ததா என்றே சந்தேகம் வரும். 1990களின் பிற்பகுதியில் வந்த பாஷ் எம்இ7 போன்ற, டார்க்கை அடிப்படையாகக் கொண்ட இசியுக்கள் இந்தக் கையிருப்பு யோசனையைத்தான் முறையாகக் கணக்குப் போட்டுச் செய்கின்றன.

படி 9: ஆக்சிலேட்டரை விடும்போது

3000 வரை ரேஸ் கொடுத்து விடுங்கள். முள் 850-க்கு வந்து நிற்கிறதா, 500 வரை விழுந்து மீள்கிறதா, 1300-இல் தொங்குகிறதா?

விழுந்து மீண்டால், ஐடில் அட்வான்ஸ் சீக்கிரமே உள்ளே வருகிறது. 1150-இல் நுழைந்ததும் 300 அதிகமாக இருக்கிறதே என்று டைமிங்கை அடிமட்டத்துக்குத் தள்ளும், ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் இன்ஜின் இன்னும் வேகமாக விழும். அந்த ஒரு செகண்ட் தாமதம் இதற்குத்தான். வேண்டுமானால் அதை இரண்டாக்குங்கள், அல்லது ஐஏசியை ரேஸ் நேரத்தில் கொஞ்சம் திறந்து வைத்து மெல்ல மூடும் டேஷ்பாட் செட்டிங்கைக் கூட்டுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோலை நிறுத்தும் வசதி இருந்தால், அது 1500-ஐ ஒட்டியே திரும்ப வந்துவிடட்டும். 1000 வரை காத்திருந்தால் இன்ஜின் மீள நேரம் இருக்காது.

1300-இல் தொங்கினால் காற்று அதிகம், அல்லது 1200-க்கு மேல் டேபிளில் டைமிங் செங்குத்தாக ஏறுகிறது. அந்தப் பகுதியைச் சரித்து எழுதுங்கள்.

படி 10: குளிர்ந்த இன்ஜின்

ஸ்டார்ட்டர் சுற்றும்போது டைமிங்கை 5 முதல் 10 டிகிரிக்குள் நிலையாக வையுங்கள். கூலன்ட் 60 டிகிரி வரும்வரை திருத்தத்தைப் பாதியாகக் குறைப்பது நல்லது, அப்போது பெட்ரோல் கலவையே இன்னும் ஒழுங்காகியிருக்காது. இதை ஒரு காலையில் முடிக்க முடியாது. நாளுக்கு ஒரு குளிர் ஸ்டார்ட்தான் கிடைக்கும், பொறுமை வேண்டும்.

இன்னும் ஆடுகிறதா? லாகைப் படிக்கும் விதம்

ஆர்பிஎம், டைமிங், மேப், ஐஏசி டியூட்டி, ஏஎஃப்ஆர் ஐந்தையும் ஒரே திரையில் வையுங்கள்.

முதலில் ஆர்பிஎம் கோட்டையும் டைமிங் கோட்டையும் மட்டும் பாருங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் சரி. இரண்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால், திருத்தம் வேலை செய்யவில்லை. பழைய டேபிள் சரிவுதான் ஆட்டிப்படைக்கிறது, அல்லது டிபிஎஸ் 0-க்கு வராததால் ஐடில் நிலைக்குள்ளேயே நுழையவில்லை.

ஆட்டம் இரண்டு மூன்று செகண்டுக்கு ஒரு அலையாக மெதுவாக இருந்தால் காற்றின் ஐ அதிகம். அலைக்கு முன்னால் ஏஎஃப்ஆர் நகர்ந்தால் பெட்ரோல், படி 3-க்குத் திரும்புங்கள். டைமிங் கோடு ரம்பப் பல் மாதிரி படபடவென்று அடித்தால் ஸ்பார்க் திருத்தம் அதிகம். ஆர்பிஎம் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் டைமிங் எப்போதும் 20-இலேயே இருக்கிறது என்றால், காற்று போதவில்லை. த்ராட்டில் ஸ்டாப் ஸ்குரூவையோ ஐஏசியின் அடிப்படை டியூட்டியையோ கொஞ்சம் கூட்டுங்கள், டைமிங் தானாக நடுவுக்கு வரும். ஸ்குரூவைத் தொட்டால் டிபிஎஸ்ஸை மறுபடி 0 செய்ய மறக்காதீர்கள்.

டிஸ்ட்ரிப்யூட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிப்யூட்டரும் உள்ள வண்டியில் இசியு இல்லை, ஆனால் படி 5-இல் சொன்ன அதே கோளாறு இங்கேயும் வரும். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ் (வேகம் ஏற எடைகள் விரிந்து டைமிங்கைக் கூட்டுவது) ஐடிலிலேயே தொடங்கிவிடும். ஸ்லோவில் நிற்கும்போதே ஆர்பிஎம் ஏற டைமிங் ஏறும், இறங்க இறங்கும். கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்துச் சுத்தம் செய்தாலும் போகாத ஆட்டம் இது.

கண்டுபிடிப்பது எளிது. வேக்யூம் டியூபைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்தபடி ஸ்லோ ஸ்குரூவை மெதுவாகத் திருகி ஐடிலை 100 ஆர்பிஎம் ஏற்றி இறக்குங்கள். குறி அசையாமல் இருந்தால் ஸ்பிரிங் நலம், கோளாறு வேறு இடத்தில். குறியும் கூடவே நகர்ந்தால் மூடியைக் கழற்றி ஸ்பிரிங் இரண்டையும் பாருங்கள். ஒன்று கழன்று விழுந்தே கிடக்கலாம். அந்த மாடலுக்கு உரிய ஸ்பிரிங்கையே போடுங்கள். கையில் கிடைத்த கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் ஐடில் அடங்கும், ஆனால் மேலே 3000-இல் கிடைக்க வேண்டிய அட்வான்ஸ் கிடைக்காமல் வண்டி இழுக்காது.